அயலவர் பகையும் வாடகைக் குடியிருப்பாளர் உரிமையும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று ஆய்வு

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கு அயல் வீடு ஒரு மதில் தூரம்தான். வந்துபோகும் பாதை பொது, மழைநீர் ஓடும் கான் பொது, சில வளவுகளில் கிணறும் பொது. அந்தப் பாதையில் அயலவர் வாகனத்தைக் குறுக்கே விட்டால், கானை மண் போட்டு அடைத்தால், இரவில் படலையைத் தட்டி மிரட்டினால், தட்டிக் கேட்கப்போகும் வாடகைக்காரருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "காணிக்காரர் வந்து கதைக்கட்டும். நீங்கள் இருக்க வந்த ஆக்கள்."

இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. இடமில்லை என்பதே விடை. ஆனால் அந்த விடையை ஒரே சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டிவிட முடியாது. ஒல்லாந்தர் காலத்து மரபிலும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டளைச் சட்டங்களிலும் 1979இன் நடவடிக்கைமுறைச் சட்டமொன்றிலும் அது சிதறிக் கிடக்கிறது. வாடகைச் சட்டம் என்ற பெயரில் வந்தவை வாடகைக்காரரை வீட்டுக்காரரிடமிருந்து காத்தன. அயலவரிடமிருந்து அவரைக் காத்தவையோ, கைவசம் இருப்பதைப் பறிக்கவிடாமலும் ஊரில் கலகம் மூளாமலும் தடுப்பதற்காக எழுந்த வேறு சட்டங்கள். இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று பாராமலே வளர்ந்தன. இன்றைய வாடகைக்காரரின் தடுமாற்றத்துக்கு வேர் அங்கேயே இருக்கிறது.

ஒல்லாந்தர் விட்டுச் சென்ற அடித்தளம்

1795 ஆகஸ்ட் 26இல் திருகோணமலைக் கோட்டை பிரித்தானியரிடம் சரணடைந்தது. சில நாட்களில் துறைமுக வாயிலைக் காத்துநின்ற ஒஸ்டன்பேர்க் கோட்டையும் பணிந்தது. ஆட்சி மாறியபோதும் சட்டம் மாறவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிய பிரகடனம் அறிவித்தது. அச்சட்டம் பிறந்த நெதர்லாந்திலேயே 1809இல் பிரெஞ்சு மாதிரிச் சட்டக்கோவை வந்து அதை அகற்றியது. இலங்கையிலும் தென்னாபிரிக்கா உள்ளிட்ட ஆபிரிக்காவின் தென்பகுதி நாடுகளிலும் உரோமன் டச்சுச் சட்டம் இன்றுவரை பொதுச் சட்டமாக நிலைத்திருக்கிறது. வடமாகாணத்துக்குரிய தேசவழமையைப் போலத் தனிக் காணி வழக்காறு இங்கே குறுக்கிடுவதில்லை. எனவே திருகோணமலையில் வீட்டு வாடகைத் தகராறு எழுந்தால், எழுதப்பட்ட சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் எல்லாம் உரோமன் டச்சுச் சட்டமே பேசும்.

அச்சட்டம் வாடகைக்காரருக்கு இரண்டு உறுதிகளைத் தருகிறது. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் அதனால் அழியாது என்பது ஒன்று. வாடகைக் காலம் முழுவதும் வீட்டை இடையூறின்றி அனுபவிக்க வீட்டுக்காரர் விடவேண்டும் என்பது மற்றது. இரண்டாவது உறுதிக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டுக்காரரின் சொந்தச் செயலால் வரும் இடையூற்றுக்கும், அவரைவிட மேலான உரித்துள்ள ஒருவர் வந்து வெளியேற்றுவதற்கும் அவர் பொறுப்பாளி. எந்த உரிமையும் இல்லாத அயலவர் அடாத்தாக வேலியை உடைத்தால் அதற்கு வீட்டுக்காரர் பதில் சொல்லவேண்டியதில்லை. வாடகைக்காரர் தானே அந்த அயலவர்மீது வழக்காட வேண்டும்.

முதலில் கேட்கும்போது இது வாடகைக்காரரைக் கைவிடும் விதியாகத்தான் தோன்றும். நான் அதை அப்படி வாசிக்கவில்லை. தானே வழக்காடு என்று சட்டம் சொல்லும்போது, தீங்கு நேர்ந்தது அவருக்கே என்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. அயலவர் இழைக்கும் சேதத்துக்கு நட்டஈடு கேட்கவும், அவமானத்துக்குப் பரிகாரம் தேடவும், சகிக்கமுடியாத தொல்லையை நிறுத்தத் தடையுத்தரவு கோரவும் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் தன் பெயரிலேயே வாதியாக நிற்கலாம். காணி உறுதி இதற்குத் தேவையில்லை. "காணிக்காரர் வந்து கதைக்கட்டும்" என்ற பேச்சுக்கு முதல் மறுப்பு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் இருந்தது.

நொத்தாரிசும் வாய்ப்பேச்சும்

1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இந்த நிலையில் ஒரு பிளவை ஏற்படுத்தியது. காணியில் உரிமை தரும் எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்றும், ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு மட்டும் அது தேவையில்லை என்றும் அது விதித்தது. சாதாரணக் குடும்பங்களின் வாடகை மாதாமாதம் தொடரும் வாய்மொழி வாடகையாகவே நிலைபெற்றதற்கு அந்த விலக்கு முக்கிய காரணம். முற்பணம் கைமாறும், திறப்பு கைமாறும், கடதாசி எதுவும் இராது. வாய்மொழி என்பதற்காக அந்த வாடகை செல்லாததாகிவிடாது. ஆனால் ஒரு தகராறு வரும்போது வாடகைக்காரர் வெறுங்கையோடு நிற்கும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது.

1871இன் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அடுத்த படி. சட்டப்படியான நடவடிக்கையின்றித் தன் உடைமையிலிருந்து அகற்றப்பட்ட எவரும் ஓராண்டுக்குள் வழக்குத் தொடர்ந்தால், உரித்தை நிரூபிக்காமலே உடைமையைத் திரும்பப் பெறலாம். இந்தியாவில் இதையொத்த பரிகாரத்தைத் தரும் 1963இன் தனிநிவாரணச் சட்டம் ஆறு மாதமே தவணை கொடுக்கிறது. இலங்கைச் சட்டம் அந்த வகையில் தாராளமானது. ஆனால் உரிமையாளன் என்ற எண்ணத்தோடு வைத்திருந்தவருக்கே இந்தப் பரிகாரம் என்ற பழைய உரோமக் கருத்து வாடகைக்காரருக்குக் குறுக்கே நின்றது. நொத்தாரிசு எழுதிய குத்தகை அந்தக் காலத்துக்கு மட்டுமான பகுதி உரிமை மாற்றம் என்று 1890களில் இலங்கை உச்ச நீதிமன்றம் கொண்ட நிலைப்பாடு, உறுதி எழுதிய குத்தகைக்காரரை அந்தத் தடைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாய்மொழி மாத வாடகைக்காரருக்கு அந்த நியாயம் அவ்வளவு எளிதில் கைகொடுக்கவில்லை. வசதியுள்ளவரின் குத்தகைக்கு ஒரு பாதுகாப்பும் கூலி உழைப்பாளியின் வாடகைக்கு இன்னொன்றுமாகச் சட்டம் பிரிந்தது. இந்த வரலாற்றில் நியாயம் மிகவும் குறைந்த கட்டம் இதுவே என்பது என் கருத்து.

போர்க்காலமும் வாடகைச் சட்டங்களும்

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படைக்கு உயிர்நிலையானது. அவ்வாண்டு ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதே ஆண்டில்தான், போர்க்கால நெருக்கடி நாடெங்கும் உணரப்பட்டவேளை, 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 1948இன் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் பிடித்தன. நியம வாடகை, வாடகைச் சபை, குறித்த காரணங்கள் இருந்தால் மட்டுமே வெளியேற்றம் என்ற ஏற்பாடுகள் வாடகைக்காரருக்கு முன்னெப்போதும் இல்லாத உறுதியைக் கொடுத்தன. சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றுவது, வீட்டைச் சேதப்படுத்துவது, வசதிகளைத் தடுப்பது ஆகியவற்றைக் கையாள 1970இல் 28ஆம் இலக்கச் சட்டமும் தனியாக வந்தது.

இச்சட்டங்களில் அயலவர் எங்கே வருகிறார் என்று தேடிப் பார்த்தால் கிடைப்பது வருத்தம் தரும் விடை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வாடகைக்காரரை வெளியேற்ற வழக்கிடுவதற்கான காரணங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, வாடகைக்காரரோ அவரோடு வசிப்பவரோ அடுத்துள்ள குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையாக நடந்துகொண்டார் என்று நீதிமன்றம் கருதுவது. வாடகைச் சட்டத்தில் அயலவருக்கு உள்ள இடம் இதுதான்: வாடகைக்காரருக்கு எதிராக முறையிடுபவரின் இடம். அயலவரால் வாடகைக்காரருக்குத் தொல்லை வந்தால் என்ன செய்வது என்று அதே சட்டம் ஒரு வரியும் சொல்லவில்லை.

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. பகை கொண்ட அயலவர் வீட்டுக்காரரின் உறவினராகவோ நெருங்கியவராகவோ இருந்தால், வாடகைக்காரரின் நியாயமான எதிர்ப்பையே "தொல்லை" என்று சொல்லி வெளியேற்றும் வழக்குக்கு வழிதேட முடியும். முன்வீட்டில் உரிமையாளரும் பின்னே அனெக்ஸில் வாடகைக் குடும்பமும் வாழும் வளவுகளில் வீட்டுக்காரரும் அயலவரும் ஒருவரே. அங்கே தண்ணீரை மறிப்பதும் படலையைப் பூட்டுவதும் அயலவர் சண்டை மட்டுமல்ல, வீட்டுக்காரர் தன் கடமையை மீறுவதும் ஆகும். அப்போது இடையூறின்றி அனுபவிக்க விடும் பொறுப்பு நேரடியாக அவர்மேல் விழுகிறது.

1980இன் திருத்தம் பல வீடுகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அவ்வாண்டு சனவரி 1இல் உரிமையாளரே குடியிருந்து, அதன்பின் வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் அவற்றுள் அடங்கும். 2023இன் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்பதற்கு ஒரு தனி நடைமுறையை உருவாக்கியது. எண்பது ஆண்டுகளில் ஊசல் வாடகைக்காரர் பக்கம் சென்று மீண்டும் வீட்டுக்காரர் பக்கம் வந்திருக்கிறது. இந்தப் போக்குவரத்து முழுவதிலும் அயலவர் பிரச்சினை அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

66ஆம் பிரிவு

அசைவு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1979இன் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் VIIஆம் பாகம், காணி தொடர்பான தகராறால் சமாதானக் குலைவு ஏற்படும் அல்லது ஏற்படக்கூடும் என்ற நிலையில் நீதிமன்றம் தலையிட வழி செய்கிறது. 1973இன் நீதி நிருவாகச் சட்டத்தில் இதற்கு ஒரு முன்னோடிப் பிரிவு உண்டு. அதற்கும் முன்னே பார்த்தால், இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற 145ஆம் பிரிவோடு இதற்குள்ள ஒற்றுமை தெளிவாகத் தெரியும். வாடகைக்காரரைக் காக்கவேண்டும் என்று இதை யாரும் எழுதவில்லை. வேலிச் சண்டை வெட்டுக்குத்தில் முடியக்கூடாது என்பதே நோக்கம். ஆயினும் வாடகைக்காரருக்கு இன்று கிடைக்கக்கூடிய மிகக் கூர்மையான கருவி இதுவே.

காரணம், இங்கே நீதிமன்றம் கேட்கும் கேள்வி காணி யாருடையது என்பதல்ல. நீதிமன்றத்துக்குத் தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளில் யார் உடைமையில் இருந்தார் என்பதே கேள்வி. அந்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக அகற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உடைமையில் அமர்த்தும்படி 68ஆம் பிரிவின்கீழ் கட்டளையிடலாம். கட்டடமும், எல்லையும், பாதை போன்ற வழியுரிமைகளும் "காணி தொடர்பான தகராறு" என்பதற்குள் அடங்கும். எனவே ஒழுங்கையை அடைக்கும் அயலவருக்கு எதிராக 69ஆம் பிரிவின்கீழ் பாதையைத் திறந்துவிடும் உத்தரவையும் கேட்கலாம். 1982இல் நீதியரசர் எஸ். சர்வானந்தா வழங்கிய தீர்ப்பு இப்பாகத்தின் இயல்பைத் தெளிவாக வரையறுத்தது: இது உரித்தை முடிவுசெய்யும் வழக்கல்ல, உரிமைகள் குடியியல் நீதிமன்றத்தில் தீரும்வரை அமைதியைப் பேணும் தற்காலிக ஏற்பாடு. வாடகைக்காரரிடம் உறுதிக் கடதாசி இல்லை என்ற குறை இங்கே அவரைத் தோற்கடிக்காது. 1890களில் குத்தகைக்காரருக்கும் மாத வாடகைக்காரருக்கும் இடையே விழுந்த பிளவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் இப்பாகம் நடைமுறையில் அடைத்திருக்கிறது.

நடைமுறை எப்படி இருக்கும்? அயலவர் பின்வேலியைத் தள்ளிப் போட்டு முற்றத்தில் ஒரு துண்டை வளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்காரர் பொலிஸில் முறைப்பாடு செய்கிறார். சமாதானக் குலைவு வரக்கூடும் என்று கருதினால் பொலிஸார் 66(1)(அ) பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுப்பர். அவர்கள் அசையாவிட்டால் 66(1)(ஆ) பிரிவின்கீழ் வாடகைக்காரரே சத்தியக்கடதாசியோடு நேரடியாகப் போகலாம். தனி ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றமே இதை விசாரிக்கும். வேறு அக்கறையுள்ளோரும் முன்வருவதற்காகக் காணியிலேயே அறிவித்தல் ஒட்டப்படும். இரு தரப்பும் சத்தியக்கடதாசிகளையும் ஆவணங்களையும் தாக்கல் செய்தபின், விசாரணைக்கு முன் இணக்கத்துக்குக் கொண்டுவர நீதிபதி முயலவேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை. இணக்கம் வராவிட்டால் சுருக்க விசாரணை. கட்டளையை மீறுவது குற்றம்.

சத்தியக்கடதாசியில் என்ன இருக்கிறது என்பதே வழக்கின் உயிர். மின் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் வரும், தண்ணீர்ப் பட்டியலும் அப்படியே. ஆகவே வாடகைப் பற்றுச்சீட்டு, வங்கியில் வாடகை வைப்பிட்ட பதிவு, வாக்காளர் இடாப்புப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பிள்ளையின் பாடசாலைப் பதிவில் உள்ள விலாசம், வேலி நின்ற இடத்தைக் காட்டும் பழைய புகைப்படம் ஆகியவையே அவர் குடியிருந்ததைச் சொல்லும். பொலிஸ் முறைப்பாட்டில் எழுதப்பட்ட திகதி இரண்டு மாதக் கணக்கைத் தீர்மானிக்க உதவும் முதல் ஆவணம். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி என்பதை 1988இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்தது. முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பது உரிமை. வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட பக்கத்தில் ஒப்பமிட்டுவிட்டு வருவது பின்னர் நீதிமன்றத்தில் பெருந்தீங்காக முடியலாம்.

"வாடகையை எனக்குத் தா"

திருகோணமலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. போர்க்கால இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் காணிகளின் எல்லைகளையும் ஆவணங்களையும் கலைத்துப் போட்டன. உரிமையாளர் வெளிநாட்டில், உறுதி ஓரிடத்தில், வீட்டைப் பார்ப்பவர் வேறொருவர் என்ற நிலை இன்றும் உண்டு. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுத நடவடிக்கைகளால் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தோருக்கு எதிராக, நீண்டகால உடைமையால் உரித்துக் கோரப்படும்போது அந்த ஆண்டுகள் கணக்கிடப்படாதபடி 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்ததே இப்பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

இப்படியான காணியில் அயலவர் வந்து, "இது எங்கள் காணி, உன் வீட்டுக்காரனுக்கு உரித்தில்லை, வாடகையை எனக்குத் தா" என்று சொன்னால் வாடகைக்காரர் பயந்து பணத்தைக் கொடுத்துவிடக்கூடாது. 1895இன் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி, வாடகை தொடங்கியபோது வீட்டுக்காரருக்கு உரித்து இருக்கவில்லை என்று வாடகைக்காரர் மறுத்துரைக்க முடியாது. அயலவருக்கு வாடகை கொடுத்தவர் வீட்டுக்காரருக்கு நிலுவைக்காரராகிறார். நிலுவையோ வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று. செய்யவேண்டியது, நடந்ததைப் பதிவுத் தபாலில் வீட்டுக்காரருக்கு உடனே அறிவிப்பது. உரித்துக் கேள்வி எழுந்துவிட்டால் வாடகைக்காரரின் உடைமையைக் காத்துநிற்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவிரவும், ஒரு பாதையைப் பத்தாண்டு பாவித்துப் பெறும் வழியுரிமை காணியோடு சேருமே அன்றி வாடகைக்காரரோடு போகாது. நிலையான வழியுரிமையை நிலைநாட்டும் வழக்கில் காணிக்காரர் பங்கு தேவைப்படுவது அதனால்தான்.

அன்றாடத் தொல்லைகள்

எல்லாப் பகையும் காணியைப் பற்றியதல்ல. ஒலிபெருக்கி, குப்பை, தேங்கிய நீர், வசை, மிரட்டல் ஆகியவற்றுக்கு 1862இன் தொல்லைகள் கட்டளைச் சட்டமும் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையும் தொடக்கம். அத்துமீறி நுழைதல், சேதம் விளைத்தல், குற்றமுறையான மிரட்டல் ஆகிய குற்றங்கள் எதிலும் பாதிக்கப்பட்டவர் உரிமையாளராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வாடகை வீட்டுக்குள் நுழைவதும் வீட்டுக்குள் நுழைவதே. மிரட்டல் தொடர்ந்தால் சமாதானத்தைக் காக்கும்படி அயலவரிடம் பிணை முறி வாங்குமாறு நீதவானைக் கேட்க முடியும். பொலிஸார் வழக்கிடாவிட்டால் தனியார் முறைப்பாடாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடம் தருகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு உச்ச நீதிமன்றம் 2007இல் விதித்த கட்டுப்பாடு வாடகைக்காரரின் உறக்கத்துக்கும் பொருந்தும். நீர் தேங்கி நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம். 2007இன் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அதற்கு உண்டு.

1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இன்னொரு படி. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட குடியியல் தகராறுகள் முதலில் அங்கே போகவேண்டும்; இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். 1958இல் வந்து 1978இல் முடிந்த இணக்க சபைகளின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு அமைக்கப்பட்டவை இவை. தொடர்ந்து பக்கத்துப் பக்கத்தில் வாழவேண்டியவர்களுக்கு இதுவே நல்ல வழி என்று நான் நம்புகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: உடைமை பறிபோன வழக்கில் சபையின் தவணைகளை நம்பிக் காத்திருந்து இரண்டு மாதத்தைக் கடத்திவிடக் கூடாது.

வாடகைச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் வாடகைத் தொகையும் வெளியேற்றமுமே விவாதிக்கப்படுகின்றன. 22ஆம் பிரிவு அடுத்துள்ள குடியிருப்பாளருக்குத் தரும் பாதுகாப்பை வாடகைக்காரருக்கும் அதே சொற்களில் தரும் ஒரு பிரிவு சேர்க்கப்படவேண்டும். அயலவருக்கு எதிராகச் சட்டத்தை நாடியதைக் காரணமாக்கி ஒருவரை வெளியேற்றுவதும் வெளிப்படையாகத் தடுக்கப்படவேண்டும். அந்தத் திருத்தம் வரும்வரை, திருகோணமலையில் வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்வது இது: மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். அயலவர் கைவைத்த அன்றே உங்கள் மொழியில் முறைப்பாடு பதியுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வசதி குறைந்தோருக்கு அங்கே கட்டணம் இல்லை.